செவ்வாய்க்கிழமை பொதிகை ஏறினா தாஜ்மஹால் பார்க்க முடியாதா? பண்பொழி டூ ஆக்ரா... முழு விவரம்!

வடநாட்டு டூர் என்றதும் பண்பொழி, செங்கோட்டை, தென்காசி வட்டாரத்தில் முதலில் பேச்சு வருவது செலவைப் பற்றித்தான். அடுத்து, லீவு எத்தனை நாள் கிடைக்கும் என்பது. ஆனால் ஆக்ரா போகிறவர்கள் இந்த இரண்டுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது கிழமை. ஏனென்றால் தாஜ்மஹாலுக்கு வாரத்தில் ஒரு நாள் லீவு. அது ஞாயிறோ திங்களோ இல்லை, வெள்ளிக்கிழமை.

தாஜ் வளாகத்துக்குள்ளேயே ஒரு மசூதி இருக்கிறது. வெள்ளிக்கிழமை மதியம் அங்கே ஜும்மா தொழுகை நடக்கும். அதனால் அன்று முழுவதும் சுற்றுலாப் பயணிகளுக்கு அனுமதி கிடையாது. சரி, இதில் நம்ம ஊர்க்காரர்களுக்கு மட்டும் தனியாக என்ன சிக்கல்? ரயில் கணக்குதான்.

செங்கோட்டையில் இருந்து பொதிகை எக்ஸ்பிரஸ் மாலையில் கிளம்புகிறது. செவ்வாய் மாலை ஏறினால் புதன் காலை சென்னை. அன்று இரவு சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். வியாழன் முழுக்க ரயிலிலேயே. ஆக்ரா கன்டோன்மென்ட் ஸ்டேஷனில் இறங்கும்போது வெள்ளிக்கிழமை இன்னும் விடிந்திருக்காது. 2,600 கிலோமீட்டருக்கு மேல் போய், மூன்று இரவு ரயிலில் தூங்கி, கடைசியில் பூட்டிய கேட்!

அப்படி வெள்ளிக்கிழமை மாட்டிக்கொண்டால் டூரே வீணா? இல்லை. ஆக்ராவுக்கு ஒரு நாளுக்குப் பதில் இரண்டு நாள் ஒதுக்கியிருந்தால் அந்த வெள்ளிக்கிழமை கூட உபயோகமான நாள்தான். ஏன் என்று பார்ப்போம்.

அரை நாள் ஆக்ரா போதுமா?

காசி, கயா, அலகாபாத் என்று போகும் யாத்திரை பேக்கேஜ்களில் ஆக்ராவுக்குக் கிடைப்பது பெரும்பாலும் அரை நாள். பஸ்ஸில் இருந்து இறங்கு, தாஜ் முன்னால் போட்டோ எடு, பஸ்ஸில் ஏறு. போட்டோவும் நன்றாகத்தான் வரும். ஆனால் ஊருக்குத் திரும்பிய பிறகு, 'வெள்ளையா, பெருசா இருந்துச்சு' என்பதைத் தாண்டி சொல்ல ஒன்றும் இருக்காது.

தாஜ்மஹால் திடீரென்று வானத்தில் இருந்து குதித்த கட்டடம் கிடையாது. அக்பர் சிவப்புக் கல்லில் ஆரம்பித்தார். அவர் மருமகள் நூர்ஜஹான் தன் அப்பாவுக்கு வெள்ளைப் பளிங்கில் ஒரு சின்ன சமாதி கட்டினார். அதைப் பார்த்துப் பழகிய தலைமுறைதான் அதன் பிறகு தாஜைக் கட்டியது. சுமார் 90 ஆண்டுகளில் நடந்த இந்த மாற்றம் முழுவதையும் ஒரே ஊரைச் சுற்றி, 40 கிலோமீட்டருக்குள் பார்த்துவிட முடியும். ஆக்ராவின் விசேஷமே இதுதான். தாஜை மட்டும் பார்ப்பது, சீரியலில் கடைசி எபிசோடை மட்டும் பார்ப்பது மாதிரி.

எப்படிப் போவது?

தென்காசி பக்கத்திலிருந்து ஆக்ராவுக்கு நேரடி ரயில் இல்லை. பொதிகையில் சென்னை போய், அங்கிருந்து தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் அல்லது கிராண்ட் ட்ரங்க் எக்ஸ்பிரஸ் பிடிக்கலாம். இரண்டுமே டெல்லி போகும் வழியில் ஆக்ரா கன்டோன்மென்ட்டில் நிற்கும். சென்னையில் மாற வேண்டாம் என்று நினைப்பவர்களுக்கு, கன்னியாகுமரியில் இருந்து திருநெல்வேலி, மதுரை வழியாக நிஜாமுதீன் போகும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் இருக்கிறது. ஆனால் அது வாரம் இருமுறைதான். நேரங்கள் அவ்வப்போது மாறும் என்பதால், டிக்கெட் போடும் முன் ரயில்வே ஆப்பில் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது.

எந்த ரயிலானாலும் கணக்கு ஒன்றுதான். ஆக்ராவில் இறங்கும் கிழமையை முதலில் முடிவு செய்துவிட்டு, அங்கிருந்து பின்னோக்கி எண்ண வேண்டும். பொதிகை, தமிழ்நாடு எக்ஸ்பிரஸ் வழி என்றால் புதன் மாலை கிளம்புவது வசதி. சனிக்கிழமை விடிவதற்கு முன்பே ஆக்ரா.

விமானத்தில் போகிறவர்கள் திருவனந்தபுரம் அல்லது மதுரையில் இருந்து டெல்லி போய், அங்கிருந்து ரயிலிலோ யமுனா எக்ஸ்பிரஸ்வே வழியாக காரிலோ ஆக்ரா வரலாம். பண்பொழிக்காரர்களுக்குத் திருவனந்தபுரம் மலையைத் தாண்டினால் வந்துவிடும். டெல்லி நிஜாமுதீனில் இருந்து கதிமான் எக்ஸ்பிரஸ் ஏறினால் 100 நிமிடத்தில் ஆக்ரா. அதற்கும் வெள்ளிக்கிழமை லீவு என்பது தனிக் கதை!

சென்னையில் ஒரு பகல் சும்மா கிடைக்குமே?

ரயிலில் போகிறவர்களுக்குச் சென்னையில் காலையில் இருந்து இரவு வரை நேரம் இருக்கும். அதை வெயிட்டிங் ஹாலில் கழிக்க வேண்டிய அவசியம் இல்லை. முகலாயக் கட்டடக் கலையின் தெற்கத்திச் சொந்தக்காரர்கள் இரண்டு பேர் சென்ட்ரலில் இருந்து கூப்பிடு தூரத்தில்தான் இருக்கிறார்கள்.

ஒன்று, சேப்பாக்கம் அரண்மனை. ஆற்காடு நவாப் முகமது அலி வாலாஜாவுக்காக 1768-ல் கட்டப்பட்டது. குவிமாடம், வளைவு, மினார் என்று முகலாய பாணியையும் ஐரோப்பிய முறையையும் கலந்து கட்டிய ஆரம்பகால முயற்சி இது. பின்னாளில் உயர் நீதிமன்றம், எழும்பூர் ஸ்டேஷன் என்று சென்னை முழுக்கப் பரவிய 'இந்தோ சாரசெனிக்' பாணிக்கு முன்னோடி என்று இதைச் சொல்வார்கள். 2012-ல் இங்கே இருந்த கலச மஹாலில் தீ விபத்து ஏற்பட்டு, பிறகு சீரமைத்தார்கள். அரசு அலுவலகங்கள் இருக்கும் இடம் என்பதால் வெளியில் இருந்துதான் பார்க்க முடியும். கிரிக்கெட் ஸ்டேடியம் பக்கத்திலேயே இருப்பதால் வழி கேட்க வேண்டியதே இல்லை.

இன்னொன்று, திருவல்லிக்கேணியில் இருக்கும் வாலாஜா பெரிய மசூதி. 1795-ல், சாம்பல் நிற கருங்கல்லில் கட்டியது.

இந்த நவாப் பெயர் தென்காசி மாவட்டத்துக்குப் புதிது இல்லை. நெற்கட்டும்செவல் பூலித்தேவரிடம் வரி கேட்டுப் படை வந்தது இதே முகமது அலி தரப்பில் இருந்துதான். கர்நாடக நவாப் என்ற பதவியே அவுரங்கசீப் காலத்தில் முகலாய ஆட்சி தெற்கே உருவாக்கியது. ஆக, முகலாயர் கதை நம்ம பக்கம் கட்டடமாக வரவில்லை, கப்பம் கேட்கும் ஓலையாகத்தான் வந்து சேர்ந்தது என்று சொல்லலாம்.

பொதிகையில் போகும்போது இரவில் தாண்டும் மதுரையையும் ஒரு நிமிடம் நினைத்துக்கொள்ளலாம். ஷாஜஹான் ஆக்ராவில் தாஜ் கட்டிக்கொண்டிருந்த அதே காலத்தில், 1636-ல், திருமலை நாயக்கர் மதுரையில் தன் மஹாலைக் கட்டினார். இருவரும் ஏறக்குறைய ஒரே காலத்தில் ஆண்டவர்கள்.

முதல் நாள்: கோட்டையில் இருந்து ஆரம்பியுங்கள்

ஆக்ராவில் இறங்கியதும் தாஜுக்கு ஓடத்தான் எல்லாருக்கும் தோன்றும். ஆனால் இரண்டு நாள் இருந்தால் முதல் நாளில் கோட்டையைப் பார்ப்பதுதான் சரி. மூன்று இரவு ரயில் அலுப்போடு போய் தாஜ் முன்னால் நிற்பதும் நியாயம் இல்லை. லாட்ஜில் பையை வைத்து, குளித்து, சாப்பிட்டுவிட்டு நிதானமாகக் கிளம்பலாம்.

ஆக்ரா கோட்டையை 1565-ல் அக்பர் திருத்திக் கட்ட ஆரம்பித்தார். சுற்றளவு சுமார் 2.5 கிலோமீட்டர். மதில் மட்டும் 70 அடி உயரம். பெரும் பகுதி இன்றும் ராணுவத்திடம் இருக்கிறது, நாம் பார்ப்பது ஒரு பகுதியைத்தான். அமர்சிங் வாசல் வழியாக நுழைந்தால் முதலில் வருவது சிவப்புக் கல்லில் கட்டிய ஜஹாங்கீரி மஹால். தூணுக்கும் கூரைக்கும் நடுவே தாங்கி நிற்கும் கல் வேலைப்பாட்டைக் கொஞ்சம் நின்று பாருங்கள். நம்ம ஊர் கோயில் மண்டபத்தில் போதிகை என்போமே, அதன் உறவுக்காரர் மாதிரி இருக்கும். பாரசீகத்தையும் இந்தியத் தச்சர்களையும் அக்பர் ஒரே இடத்தில் வேலை செய்ய வைத்ததன் அடையாளம் அது.

இன்னும் உள்ளே போகப் போக நிறம் மாறும். சிவப்பு குறைந்து வெள்ளை வரும். அங்கிருந்து ஷாஜஹான் ஆரம்பிக்கிறார் என்று புரிந்துகொள்ளலாம்.

யமுனை பக்கம் நீட்டிக்கொண்டு எண்கோணத்தில் ஒரு பளிங்கு மண்டபம் இருக்கும். பெயர் முசம்மன் புர்ஜ். மும்தாஜுக்காக ஷாஜஹான் கட்டியது. 1658-ல் மகன் அவுரங்கசீப் ஆட்சியைப் பிடித்து அப்பாவை இந்தக் கோட்டையிலேயே காவலில் வைத்தார். 1666-ல் இறக்கும் வரை ஷாஜஹான் இங்கேதான் இருந்தார், மகள் ஜஹானாரா கூடவே இருந்து பார்த்துக்கொண்டார். மனைவிக்காகக் கட்டிய மண்டபத்தில் இருந்து பார்த்தால், ஆற்றின் வளைவில் மனைவிக்காகக் கட்டிய சமாதி தெரியும். ஷாஜஹான் வைரத்தில் தாஜின் பிம்பத்தைப் பார்த்தார், கண்ணாடியில் பார்த்தார் என்று கைடுகள் ஆளுக்கொரு கதை சொல்வார்கள். அதெல்லாம் வேண்டாம். அங்கே நின்று நம் கண்ணால் பார்ப்பதே போதும்.

தாஜுக்குப் போகும் முன் கோட்டைக்குப் போகச் சொல்வதற்குக் காரணம் இதுதான். இங்கிருந்து தூரத்தில், புகைமூட்டத்துக்கு நடுவே பார்த்துவிட்டுப் போனால், மறுநாள் பக்கத்தில் போய் நிற்கும்போது அது போஸ்ட் கார்டு படமாக இருக்காது.

யாரும் போகாத 'குட்டி தாஜ்'

மதியத்துக்கு மேல் ஆட்டோ பிடித்து யமுனைக்கு அந்தப் பக்கம் போங்கள். இத்மத் உத் தௌலா சமாதி. பெயர் வாயில் நுழையாது, 'பேபி தாஜ்' என்று சொன்னால் ஆட்டோக்காரர்களுக்குப் புரியும். ஜஹாங்கீரின் மனைவி நூர்ஜஹான், தன் அப்பா மிர்ஸா கியாஸ் பேகுக்காக 1622 முதல் 1628 வரை கட்டியது. பளிங்கைக் குடைந்து அதில் வண்ணக் கற்களைப் பதித்து பூ, கொடி, கிண்ணம் என்று வரையும் வேலை இங்கே சுவர் முழுக்க இருக்கிறது. தாஜில் பார்க்கப் போகும் அதே நுட்பம், சில ஆண்டுகள் முன்பு, சின்ன அளவில்.

இந்த நூர்ஜஹானின் அண்ணன் மகள்தான் மும்தாஜ். அதாவது இந்தச் சமாதியில் இருப்பவர் மும்தாஜின் தாத்தா. தாத்தா சமாதியைப் பார்த்துவிட்டுப் பேத்தி சமாதிக்குப் போகிறோம் என்று வைத்துக்கொண்டால் வரிசை மனதில் நிற்கும்.

கூட்டம் இங்கே குறைவு. ஆச்சி, தாத்தாவைக் கூட்டிக்கொண்டு போகிறவர்கள் உட்கார்ந்து நிதானமாகப் பார்க்கலாம். பரபரப்பாக தாஜைப் பார்த்ததை விட இங்கே இருந்த ஒரு மணி நேரம் பிடித்தது என்று சொன்னாலும் ஆச்சரியப்பட வேண்டாம்.

சாயங்காலம் அதே கரையில் மேதாப் பாக் தோட்டம். தாஜுக்கு நேர் எதிரே, ஆற்றுக்கு இந்தப் பக்கம். சூரியன் இறங்கும் நேரத்தில் தாஜின் நிறம் மாறுவதை இங்கிருந்து பார்க்கலாம்.

இப்போது தெரிந்திருக்கும். கோட்டை, இத்மத் உத் தௌலா, மேதாப் பாக் மூன்றுமே வெள்ளிக்கிழமையும் திறந்திருக்கும். செவ்வாய் மாலை கிளம்பி வெள்ளிக்கிழமை வந்து சேர்ந்தவர்களுக்கு இந்த முதல் நாள் பிளான் அப்படியே பொருந்தும். சனிக்கிழமை காலையில் தாஜ். டிக்கெட்டை மாற்றவே வேண்டாம்.

இரண்டாம் நாள்: தாஜுக்கு எத்தனை மணிக்கு?

சூரியன் உதிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு திறக்கிறார்கள், அஸ்தமனத்துக்கு அரை மணி நேரம் முன்பு மூடுகிறார்கள். முதல் ஆளாகப் போவதுதான் நல்லது. வெயிலும் இருக்காது, கூட்டமும் குறைவு.

இந்தியர்களுக்கு நுழைவுக் கட்டணம் ரூ.50. ஆனால் இந்த டிக்கெட்டில் தோட்டம், மசூதி, மேடை வரைதான். சமாதி இருக்கும் முக்கிய கட்டடத்துக்குள் போக ரூ.200 தனி. மொத்தம் ரூ.250. 15 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து பேர் குடும்பமாக இருந்தால் ரூ.200 டிக்கெட் கொஞ்சம் யோசிக்க வைக்கும்தான். இவ்வளவு தூரம் போய்விட்டு உள்ளே போகாமல் வர வேண்டாம் என்பதே நம் கருத்து. வரிசையில் நிற்பதற்குப் பதில் தொல்லியல் துறை இணையதளத்தில் முன்பே எடுத்துவிடலாம். கட்டணம் மாறுவது உண்டு, எடுக்கும்போது சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

டிக்கெட் 3 மணி நேரத்துக்குத்தான் செல்லும். செல்போன், தண்ணீர் பாட்டில் கொண்டுபோகலாம். சாப்பாடு, பீடி சிகரெட், தீப்பெட்டி, லைட்டர், பெரிய பைகளுக்கு அனுமதி இல்லை. கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போகும் பழக்கம் உள்ளவர்கள் அதை லாட்ஜிலேயே வைத்துவிடவும். சமாதிக்குள் போட்டோ எடுக்கக் கூடாது. காலணிக்கு மேல் உறை மாட்ட வேண்டும்.

பெட்ரோல், டீசல் வண்டிகள் தாஜுக்குப் பக்கத்தில் போக முடியாது. கிழக்கு வாசல் பக்கம் சில்ப்கிராமில் வண்டியை நிறுத்திவிட்டு, அங்கிருந்து பேட்டரி வண்டியிலோ நடந்தோ போக வேண்டும். மூட்டுவலி உள்ளவர்கள் பேட்டரி வண்டியே எடுங்கள், உள்ளேயும் நடை நிறைய இருக்கிறது. 2024 மார்ச்சில் திறந்த ஆக்ரா மெட்ரோவில் தாஜ் கிழக்கு வாசல், தாஜ்மஹால், ஆக்ரா கோட்டை என்று ஸ்டேஷன்கள் இருப்பதால் ஆட்டோ பேரம் பாதியாகக் குறைந்துவிட்டது.

பௌர்ணமி நிலவில் பார்க்க ஆசையா? பௌர்ணமி இரவு, அதற்கு முன் இரண்டு, பின் இரண்டு என மாதத்தில் 5 இரவுகள் அனுமதி உண்டு. வெள்ளிக்கிழமையும் ரமலான் மாதமும் கிடையாது. சின்னச் சின்ன குழுவாக, அரை மணி நேரம் மட்டும், தூரத்தில் இருந்து பார்க்க வேண்டும். டிக்கெட்டை முன்கூட்டியே எடுக்க வேண்டும்.

உள்ளே எதைப் பார்ப்பது?

மும்தாஜின் இயற்பெயர் அர்ஜுமந்த் பானு. 1631-ல், மத்தியப் பிரதேசத்தில் இருக்கும் புர்ஹான்பூரில், 14-வது பிரசவத்தில் இறந்தார். மறு ஆண்டே வேலை ஆரம்பமானது. வளாகம் முழுமையாக முடிந்தது 1653-ல். உஸ்தாத் அகமது லாஹோரிதான் தலைமைக் கட்டடக் கலைஞர் என்று கருதப்படுகிறது. பளிங்கு ராஜஸ்தானின் மக்ரானாவில் இருந்து வந்தது.

நுழைவாயிலைத் தாண்டியதும் எல்லாரும் செல்போனைத் தூக்குவார்கள். அதைச் செய்து முடித்த பிறகு இதையெல்லாம் கவனியுங்கள்.

நான்கு மினார்களும் கொஞ்சம் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். நிலநடுக்கம் வந்து விழுந்தாலும் நடுவில் இருக்கும் சமாதி மேல் விழக்கூடாது என்பதற்காக என்று சொல்லப்படுகிறது. வாசல் வளைவைச் சுற்றி இருக்கும் குர்ஆன் எழுத்துகள் கீழிருந்து மேல்வரை ஒரே அளவில் தெரியும். உண்மையில் மேலே போகப் போக எழுத்துகளைப் பெரிதாக்கியிருக்கிறார்கள், நம் கண்ணுக்கு ஒரே அளவாகத் தெரிவதற்காக. ஒரு பக்கம் மசூதி, மறுபக்கம் அதே மாதிரி இன்னொரு கட்டடம். அதற்குப் பெயரே 'ஜவாப்', அதாவது பதில். சமச்சீர் கெடக்கூடாது என்பதற்காகக் கட்டியது.

இவ்வளவு கச்சிதமாகச் சமச்சீர் பார்த்த கட்டடத்தில் ஒரே ஒரு இடம் மட்டும் பிசகியிருக்கும். நடுவில் மும்தாஜ். பக்கத்தில், ஒரு ஓரமாக, கொஞ்சம் பெரிதாக ஷாஜஹான். மேலே நாம் பார்ப்பவை அடையாளக் கல்லறைகள்தான். உண்மையானவை அதற்கு நேர் கீழே உள்ள அறையில் இருக்கின்றன, அங்கே பொதுமக்களுக்கு அனுமதி இல்லை.

வாட்ஸ்அப்பில் வரும் கதைகள் உண்மையா?

'தாஜ் கட்டியவர்களின் கையை ஷாஜஹான் வெட்டிவிட்டார்.' இதற்கு ஆதாரம் எதுவும் கிடையாது. தாஜ் வேலை நடக்கும்போதே டெல்லியில் செங்கோட்டை உட்பட ஒரு புது நகரையே ஷாஜஹான் கட்ட ஆரம்பித்துவிட்டார். கைதேர்ந்த ஆட்கள் அவருக்குத் தேவைப்பட்ட நேரம் அது. (டெல்லி செங்கோட்டை வேறு, நம்ம செங்கோட்டை வேறு. கூகுளில் தேடும்போது கவனம்!)

'ஆற்றுக்கு அந்தப் பக்கம் கருப்பு தாஜ் கட்ட இருந்தார்.' இது பிரெஞ்சு வியாபாரி தவேர்னியர் எழுதிய குறிப்பில் இருந்து வளர்ந்த கதை. அந்தக் கரையில், மேதாப் பாக்கில் தோண்டிப் பார்த்தபோது கிடைத்தது தோட்டமும் எண்கோணக் குளமும்தான்.

'அது கோயில்.' இதையும் நீதிமன்றங்கள் பார்த்துவிட்டன. அது கோயில் இல்லை, சமாதி என்று 2017-ல் ஆக்ரா நீதிமன்றத்தில் தொல்லியல் துறை தெரிவித்தது. பூட்டியிருக்கும் 22 அறைகளைத் திறக்கக் கோரிய மனுவை 2022-ல் அலகாபாத் உயர் நீதிமன்றமும், பிறகு உச்ச நீதிமன்றமும் ஏற்கவில்லை.

சிக்ரி: தென்காசி கோபுர உயரத்தில் ஒரு வாசல்

தாஜ் பார்த்து முடிக்கும்போது காலை 10 மணி கூட ஆகியிருக்காது. டிபன் முடித்துவிட்டு ஃபத்தேப்பூர் சிக்ரிக்குக் கிளம்பலாம். ஆக்ராவில் இருந்து சுமார் 40 கிலோமீட்டர், பஸ் இருக்கிறது.

குழந்தை இல்லாத ஏக்கத்தில் இருந்த அக்பருக்கு சிக்ரியில் இருந்த சூஃபி ஞானி சலீம் சிஷ்டி ஆசி வழங்கினார். 1569-ல் மகன் பிறந்தான். ஞானியின் பெயரையே வைத்தார், சலீம். பின்னாளில் ஜஹாங்கீர். அந்த நன்றியில் அக்பர் 1571-ல் இங்கே ஒரு தலைநகரையே கட்ட ஆரம்பித்தார். வேண்டுதல் பலித்தால் மொட்டை போடுவோம், காவடி எடுப்போம். அக்பர் ஊரையே கட்டிவிட்டார்.

இங்கே இருக்கும் புலந்த் தர்வாசா என்ற வாசல், கீழே தரையில் இருந்து கணக்கிட்டால் சுமார் 54 மீட்டர் உயரம். தென்காசி காசி விஸ்வநாதர் கோயில் ராஜகோபுரமும் ஏறக்குறைய அதே உயரம்தான், சுமார் 180 அடி. படிக்கட்டில் ஏறி அதன் கீழே நிற்கும்போது, தென்காசி கோபுர வாசலில் ஆளைத் தள்ளும் காற்று ஞாபகம் வந்தால் நீங்கள் அசல் தென்காசிக்காரர். பண்பொழி திருமலைக் கோயில் படியேறிப் பழகியவர்களுக்கு இந்தப் படிகள் ஒரு விஷயமே இல்லை.

உள்ளே சலீம் சிஷ்டியின் வெள்ளைப் பளிங்கு தர்கா. கல் ஜன்னல்களில் வேண்டுதலுக்காக நூல் கட்டுகிறார்கள், எல்லா மதத்தினரும் கட்டுகிறார்கள். போர்வை வாங்கு, பூ வாங்கு, நூல் வாங்கு என்று சூழ்ந்துகொள்பவர்களிடம் மட்டும் ஜாக்கிரதை. கட்டாயம் எதுவும் இல்லை, 'நஹி சாஹியே' என்ற இரண்டு வார்த்தை போதும்.

அரண்மனைப் பகுதிக்குத் தனி டிக்கெட். அடுக்கடுக்காகக் குறுகிக்கொண்டே போகும் ஐந்து மாடி பஞ்ச மஹாலும், நடுவில் ஒற்றைத் தூண் நின்று மேலே மலர்ந்து மேடையைத் தாங்கும் திவானி காஸும் பார்க்க வேண்டியவை. 1585 வாக்கில் அக்பர் இந்த ஊரை விட்டு லாகூருக்குப் போய்விட்டார். தண்ணீர் இல்லாததால் ஓடிவிட்டார் என்பதுதான் எல்லா கைடும் சொல்வது. வடமேற்கு எல்லையில் எழுந்த சிக்கலைக் கவனிக்கவே போனார் என்பது வரலாற்று ஆய்வாளர்கள் சொல்லும் காரணம்.

தாஜ் மஞ்சளாகிறதா?

இரண்டு நாளில் யமுனையைப் பல தடவை தாண்டுவீர்கள். குற்றாலத்துத் தண்ணீரைப் பார்த்து வளர்ந்த கண்ணுக்கு அந்த ஆறு கஷ்டமாகத்தான் இருக்கும். அந்த அழுக்குக்கும் தாஜுக்கும் நேரடித் தொடர்பு உண்டு. 2016-ல் சுவர்களில் பச்சைக் கறை படிந்தபோது, மாசடைந்த யமுனையில் பெருகிய ஒரு வகைப் பூச்சியின் கழிவுதான் காரணம் என்று தெரியவந்தது.

காற்று மாசு அதற்கு முன்பே பெரிய பிரச்சினை. வழக்கறிஞர் எம்.சி.மேத்தா தொடர்ந்த வழக்கில் 1996 டிசம்பர் 30-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பு சொன்னது. தாஜைச் சுற்றிய பாதுகாப்புப் பகுதியில் நிலக்கரி எரித்த 292 ஆலைகள் இயற்கை எரிவாயுவுக்கு மாற வேண்டும், இல்லாவிட்டால் இடத்தைக் காலி செய்ய வேண்டும். அந்தப் பகுதியின் பரப்பு சுமார் 10,400 சதுர கிலோமீட்டர். இவ்வளவுக்குப் பிறகும் பளிங்கு மங்கிக்கொண்டுதான் இருக்கிறது. முகத்துக்குப் போடும் முல்தானி மிட்டி மாதிரியான களிமண்ணைப் பூசி, காயவிட்டு, கழுவி எடுக்கிறது தொல்லியல் துறை. நீங்கள் போகும் நேரத்தில் எங்காவது சாரம் கட்டியிருந்தால் அலுத்துக்கொள்ள வேண்டாம்.

தென்காசிக்காரர்களுக்கு இது புரியாத விஷயம் இல்லை. தென்காசி கோபுரம் எரிந்து, பல பத்து ஆண்டுகள் மொட்டைக் கோபுரமாகவே நின்று, 1990-ல்தான் மறுபடி எழுந்தது. கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியனே, பின்னாளில் இதைப் பழுது பார்த்துக் காப்பவர்களை வணங்குகிறேன் என்று கல்வெட்டில் எழுதி வைத்தவர். ஷாஜஹானும் தாஜின் பராமரிப்புச் செலவுக்காகக் கிராமங்களின் வருமானத்தை எழுதி வைத்தார். கட்டும்போதே இருவருக்கும் அந்தக் கவலை இருந்திருக்கிறது.

எந்த மாதம் போகலாம்?

பள்ளி லீவு என்பதால் மே, ஜூனில் டிக்கெட் போடுகிறவர்கள் அதிகம். ஜூனில் குற்றாலத்தில் சாரல் ஆரம்பிக்கும் நேரத்தில் ஆக்ராவில் வெயில் 45 டிகிரியைத் தொடும், கூடவே அனல் காற்று. பளிங்குத் தரை வேறு. வயதானவர்களை அந்த நேரத்தில் கூட்டிக்கொண்டு போக வேண்டாம். டிசம்பர் கடைசி, ஜனவரியில் நேர்மாறு. பனிமூட்டத்தில் பத்தடிக்கு முன்னால் இருக்கும் ஆள் தெரியாது, தாஜ் எங்கே தெரியும்? ரயில்களும் மணிக்கணக்கில் தாமதமாகும். அக்டோபர், நவம்பர், அல்லது பிப்ரவரி, மார்ச் நல்ல மாதங்கள். காலாண்டு லீவு அக்டோபர் வரை நீண்டால் அதுவே சரியான நேரம்.

என்ன வாங்கலாம்?

சின்ன பளிங்கு தாஜ் வாங்கும் முன் யோசியுங்கள். பளிங்கு என்று விற்பதில் மாக்கல் நிறைய. நகத்தாலோ சாவியாலோ கீறினால் சட்டென்று கோடு விழுந்தால் அது மாக்கல். 'சும்மா வேலை நடக்கிற இடத்தைப் பாருங்க' என்று ஆட்டோக்காரரோ கைடோ கூட்டிப்போகும் கடைகளில் அவர்களுக்குக் கமிஷன் உண்டு, அந்தத் தொகையும் நம்ம பில்லில்தான் சேரும். கைடு தேவைப்பட்டால் சுற்றுலாத் துறை அடையாள அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஊருக்குக் கொண்டுவர பேத்தாதான் சரி. ஆக்ராவின் அடையாளமான இந்த இனிப்பு வேறொன்றும் இல்லை, நம்ம தடியங்காய்தான். கல்யாண வீட்டில் காசி அல்வா கிண்டுகிறோமே, அதே காய். பேத்தா அடுப்புகளும் ஒரு காலத்தில் நிலக்கரியில் எரிந்தவை, தாஜுக்காக அவற்றையும் எரிவாயுவுக்கு மாறச் சொன்னார்கள். ஜீராவில் ஊறும் வகை ரயிலில் ஒழுகி பையெல்லாம் பிசுபிசுக்கும். உலர்ந்த பேத்தா கேட்டு வாங்கினால் செங்கோட்டை வரை தாங்கும்.